கையால தைச்ச போர்வை: துவைச்சுக் கொடுக்கிறதா, அப்படியேவா?

தைக்கத் தெரிஞ்ச அக்கா தங்கச்சிங்க ஒரு யோசனை சொல்லுங்க. நாத்தனார் மகளுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. பிறக்கப்போற பிள்ளைக்குன்னு ஒரு ஒட்டுப்போர்வை தைச்சு முடிச்சுட்டேன். உள்ளே மாமியாரோட பழைய 'வாயில்' (மெல்லிசுத் துணி) சேலை நாலு மடிப்பு, மேலே புதுச் சுங்குடித் துண்டுகள். எல்லாமே கைத்தையல், ரெண்டு மாசம் ஆச்சு.

இப்போதான் குழப்பம். சுங்குடியில அரக்குச் சிவப்பு இருக்கு. ஓரத்தை நனைச்சு வெள்ளைத் துணியால தேய்ச்சேன், லேசா ரோஸ் ஒட்டுது. பக்கத்துத் துண்டு சந்தன நிறம்! வெட்டுறதுக்கு முன்னாடியே சாயம் போக அலசியிருக்கணும்; என் சோம்பேறித்தனம். பழைய சேலை இனிமே சுருங்காது, புதுத்துணி சுருங்கும். அப்போ தையல் இழுத்துக்குமோ? துவைக்காம கொடுத்தா சாக்பீஸ் கோடு, கஞ்சி, என் கைப்பிசுக்கு எல்லாம் பிள்ளை மேல படும். அதுக்கும் மனசு கேக்கல.

"மொடமொடன்னு புதுசாக் கொடுத்தாதான் மரியாதை"ங்கிறார் வீட்டுக்காரர். அவரா துவைக்கப் போறார்?

பச்சைத்தண்ணியில தனியா அலசி, நிழல்ல விரிச்சுப் போட்டா போதுமா? சாயம் சந்தனத்துல இறங்கிட்டா எடுக்க வழி உண்டா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.