செக்லிஸ்ட்: ஒரு சொல்லா, இரண்டா?

வணக்கம்.

விமானிகள் எதையும் மறக்காமலிருக்க வைத்துக்கொள்ளும் ‘செக்லிஸ்ட்’டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை வந்த சொற்கள் மூன்று: சரிபார்ப்புப் பட்டியல், சரிநிரல், ஆய்வுநிரல். நிரல் வேண்டாம் என்பேன். கணினியாளர்கள் அதைப் புரோகிராமுக்கு எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக் கணக்கில் அது அணியின் (மேட்ரிக்ஸின்) செங்குத்து வரிசை. நிகழ்ச்சி நிரலில் மட்டும் பழைய பொருளோடு பிழைத்திருக்கிறது. ஆனால் என் குறை அதுவன்று. விமானி அறையில் ‘செக்லிஸ்ட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவதால்தான் தடுமாறுகிறோம்.

முதல் வேலை பிறந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக மேலெழுந்த சற்று நேரத்தில் விழுந்து எரிந்தது. இயந்திரக் கோளாறு எதுவுமில்லை. தரையில் நிற்கும்போது வால் இறக்கைகள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். மேஜர் ஹில்லும் போயிங்கின் சோதனை விமானி டவரும் இறந்தார்கள். இருவருமே கைதேர்ந்தவர்கள். அதன் பிறகுதான் புறப்படுமுன், இறங்குமுன் பார்க்க வேண்டியவற்றை அட்டையில் எழுதிக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்றது. அதே விமானம் பின்னர் பி-17 என்ற பெயரில் 12,000-க்கும் மேல் கட்டப்பட்டது.

இந்த வகையில், செய்ய வேண்டியதை விமானிகள் முதலிலேயே செய்துவிடுகிறார்கள். பிறகு ஒருவர் ‘ஃபிளாப்?’ (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) என்று கேட்க, மற்றவர் கண்ணால் பார்த்து அதன் நிலையைக் காட்டும் எண்ணைச் சொல்கிறார். சரிபார்ப்புப் பட்டியல் என்ற பெயர் இதற்குக் கச்சிதம். நீளம்தான், இருக்கட்டும்.

இரண்டாவது வகை, கியூஆர்எச் என்று விமானிகள் சொல்லும் அவசரக் கையேட்டில் இருக்கிறது. எஞ்சின் எரிகிறது. அங்கே சரிபார்க்க என்ன இருக்கிறது? ஒரு வரியைப் படிக்க வேண்டும், அதைச் செய்ய வேண்டும், அடுத்த வரிக்குப் போக வேண்டும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி ஏர்பஸ் ஏ320-இன் இரு எஞ்சின்களும் உந்துவிசை இழந்தபோது, துணை விமானி ஸ்கைல்ஸ் கையேட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். அந்தப் பட்டியல் 20,000 அடிக்கு மேல் பறக்கும் விமானத்துக்காக எழுதப்பட்டது, மூன்று பக்கம். அவர்கள் இருந்ததோ ஏறத்தாழ 2,800 அடியில். ஹட்சன் ஆற்றில் இறங்க ஏறத்தாழ மூன்றரை நிமிடம்தான் கிடைத்தது. பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் முடித்தார்கள். தண்ணீரில் இறங்குவதற்கான வரிகள் கடைசியில் இருந்தன. துணை மின் இயந்திரத்தை இயக்கச் சொல்லும் வரி பதினோராவது. கேப்டன் சல்லன்பெர்கர் அதற்குக் காத்திருக்காமல் முன்பே இயக்கிவிட்டார். 155 பேரும் பிழைத்தார்கள்.

ஆகவே இரண்டாவதற்குச் ‘செய்படி’ என்று முன்வைக்கிறேன். படி என்றால் வாசி. படி என்றால் ஏறும் படியும்தான். படித்துச் செய்வதும் படிப்படியாகச் செய்வதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ‘எஞ்சின் தீ, செய்படி!’ என்று கேப்டன் சொன்னால் கட்டளை போலவே ஒலிக்கிறது. தமிழில் எந்த விமானியும் இதைச் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். விபத்துச் செய்தி எழுதுகிறவருக்கும், அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் பிள்ளைக்கும் சொல் வேண்டுமே.

---

வணக்கம் ஐயா.

பிரித்தது சரி. சொல்லில்தான் எனக்குத் தயக்கம். படி வாசிப்பது, படி ஏறுவது, படி நகல், படி நெல் அளப்பது. பஞ்சப்படி, பயணப்படி வாங்கிப் பழகிய என் அலுவலகத்தில் ‘செய்படி’ என்றால் எந்த மாதச் சம்பளத்தோடு வரும் என்று கேட்பார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே 1980-களில் ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தார்கள். அதில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். ‘ஃபாலோ’ என்றால் பின்னே வருதல் மட்டும். விதியை ஃபாலோ செய் என்று அதில் எழுதக் கூடாது. செய்முறை வாக்கியம் இருபது சொல்லைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தையே இவ்வளவு கறாராகக் கத்தரித்த துறைக்கு நான்கு பொருள் தரும் சொல்லைக் கொடுக்கலாமா?

இன்னொன்று, மூன்றாவது வகையை விட்டுவிட்டீர்கள். கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் ஆக்சிஜன் முகமூடியை மாட்டுவதற்குக் கையேட்டைத் திறந்துகொண்டிருக்க முடியாது. அதை மனத்திலிருந்தே செய்துவிட்டு, பிறகுதான் புத்தகத்தை எடுப்பார்கள். அதற்கு என்ன பெயர்?

---

அம்மா, சம்பளக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

படிக்குப் பொருள் பல என்பது உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன விதி தனிச்சொல்லுக்கு; கூட்டுச்சொல் தன் பொருளைத் தானே குறுக்கிக்கொள்ளும். ஏணிப்படியில் ஏறி நெல் அளந்தவர் யாருமில்லை. ‘செய்படி’யில் எஞ்சுவது வாசிப்பும் வரிசையும்தான். அந்த இரண்டுமே எனக்கு வேண்டும்.

மூன்றாவது வகையை விட்டது என் பிழை. அதற்கு ‘மனப்பாடப் படிகள்’ என்று வைத்துக்கொள்வோமா? நேற்றிரவு ‘உடன்படி’ என்று எழுதி மகிழ்ந்துகொண்டிருந்தேன். உடனே செய்யும் படி என்ற பொருளில். காற்றழுத்தம் குறையும்போது கேப்டன் ‘உடன்படி’ என்று கத்தினால் துணை விமானி ‘எதற்கு?’ என்றுதான் கேட்பார். அடித்துவிட்டேன்.