பரத்பூர் 1805: மண் மதிலை ஜெனரல் லேக்கால ஏன் பிடிக்க முடியேல்லை?

நெடுங்கேணியான்:
1803இல பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச கதை எங்கட பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதே வருசம் டில்லியைப் பிடிச்ச ஆங்கிலேயத் தளபதி லேக், 1805இல ராஜஸ்தான் பக்கம் இருக்கிற பரத்பூர் கோட்டையை 4 தரம் அடிச்சும் தோத்திருக்கிறார். வெறும் மண் மதில்தானே, பீரங்கிக்கு ஏன் விழேல்லை?

குளக்கட்டு:
தம்பி, வெறும் மண் எண்டு சொல்லாதேங்கோ. நான் வவுனிக்குளப் பக்கம் கட்டு வேலையில காலம் போக்கின ஆள். நல்லா இறுகின கட்டில அலவாங்கு போட்டா முனை புதையும், மண் பேராது. பரத்பூர் மதிலும் அப்பிடித்தான், குண்டை விழுங்கிப்போடும். லேக்கிட்ட பெரிய பீரங்கியும் காணாது. பகலில விழுந்த உடைவை, கோட்டையை வச்சிருந்த ஜாட் ஆக்கள் இரவில அடைச்சுப்போடுவினம்.

ஆனா படையைக் கெடுத்தது அகழித் தண்ணிதான். வந்து ஒரு கிழமையில, ஜனவரி 9 இரவு, முதல் அடி. இறங்கினவங்களுக்கு நெஞ்சளவு தண்ணி. 21ஆம் திகதி பாலம் கொண்டு போனாங்கள். அதுக்கிடையில உள்ளுக்கிருந்தவை தண்ணியைக் கூட்டி விட்டிட்டினம், பாலம் எட்டேல்லை. பெப்ரவரி 21, கடைசித் தரம், ஏறுறதுக்கு உடைவே இல்லை. பயனெற்றை மதிலில குத்தி, குண்டு பட்ட குழியில கால் வச்சு ஏறினாங்கள். மேலயிருந்து மரக்குத்தியும் எரியிற சட்டியும் விழுந்தது. 4 தரத்திலயும் செத்தது, காயப்பட்டது 3,000க்கு மேல.

ஓமந்தை வாசகி:
அண்ணை, பெப்ரவரி 20ஐ விட்டிட்டியள். அண்டைக்கு வெள்ளைக்காரப் படையில ஒரு பகுதி முன்னுக்குப் போகமாட்டம் எண்டு நிண்டிட்டுது. வங்காளச் சிப்பாய்மார்தான் மதிலில ஏறிக் கொடி நட்டவை. பின்னால ஆள் வராமல் திரும்ப வேண்டி வந்தது. அந்தச் சிப்பாய்மாரைப் பற்றி ஆரும் கதைக்கிறேல்லை, எனக்கு அதுதான் கவலை.

நெடுங்கேணியான்:
அப்ப 1826இல அதே கோட்டை ஆங்கிலேயரிட்ட எப்பிடி விழுந்தது?

குளக்கட்டு:
அகழிக்குத் தண்ணி வந்தது மோதி ஜீல் எண்ட குளத்தால. 1825 டிசெம்பரில கொம்பர்மியர் எண்ட ஆங்கிலேயத் தளபதி வந்த கையோட அந்தக் குளக்கட்டைத்தான் முதல் பிடிச்சவர். உள்ளுக்கிருந்தவை அகழிக்குத் தண்ணி விடக் கட்டை வெட்டத் தொடங்கியிருந்தவை, கொம்பர்மியரின்ர ஆக்கள் ஓடிப்போய் அடைச்சாங்கள். அகழி பெரும்பாலும் காஞ்சுதான் கிடந்தது. பிறகு மதிலுக்குக் கீழ சுரங்கம் வெட்டி 10,000 இறாத்தல் வெடிமருந்து வச்சு, ஜனவரி 18 உள்ளுக்குப் போனாங்கள். லேக்குக்கு உந்தப் பொறுமை இல்லை. 1805 ஏப்ரலில பரத்பூர் மகாராசாவோட ஒப்பந்தம் எழுதிப்போட்டு, கோட்டைக்குள்ள கால் வைக்காமலே போனவர்.