ஓக் கொட்டைக்குள் இருந்து வந்தது: இலையுதிர்காலக் கைவேலை அனுபவங்கள்

குருவிக்கூடு:
போன வாரம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஓக் கொட்டைப் பொம்மை எல்லோருக்கும் தெரியும், கொட்டையில் முகம் வரைந்து அதன் கிண்ணத்தையே தொப்பியாக ஒட்டுவது. நானும் என் நாலு வயது மகனும் ஒன்பது செய்தோம். முகம் எல்லாம் அவன் வரைந்தது, தொப்பி ஒட்டியது மட்டும் நான். ராத்திரி மேசையில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த பிறகுதான் தூங்கப் போனான்.

காலையில் அவன்தான் முதலில் பார்த்தான். ஒரு பொம்மையின் இடது கண்ணுக்குக் கீழே பென்சில் முனை அளவுக்கு வட்டமாக ஒரு துளை, அதிலிருந்து ஒரு வெள்ளைப் புழு பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, பழுப்புத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. துளை அதன் உடம்பைவிடச் சின்னது, பிதுங்கிப் பிதுங்கி வருகிறது. மகன் மூச்சுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்பதையும் அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டு மூடிவிட்டேன். யோசிக்கவே இல்லை. அவன் அழவில்லை. கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடியில் காதை வைத்துக் கேட்டான். அந்தக் காட்சிதான் போகமாட்டேன் என்கிறது.

தாழ்வாரம்:
பொறுக்கி வந்ததும் ஓவனில் வைக்காததுதான் காரணம். எங்கள் வீட்டில் ஒருமுறை ஜன்னல் விளிம்பு பூராவும் புழு, அதற்குப் பிறகு நான் விடுவதில்லை. இனிமேல் முதலில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதப்பவை பெரும்பாலும் உள்ளே அரித்துப்போனவை, அவற்றை மரத்தடியிலேயே கொட்டிவிடலாம். மூழ்கியதை நன்றாகத் துடைத்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம்போல வையுங்கள், அடிக்கடி புரட்டிவிட வேண்டும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். முழுக்க ஆறிய பிறகுதான் ஒட்டுவது, ஏனென்றால் ஈரக் கொட்டை காயும்போது சுருங்கும், தொப்பி கழன்று விழும். கனமான பைன் கூம்புக்கு வெள்ளைப் பசை சீக்கிரம் பிடிக்காது, பசையைச் சூடாக உருக்கி ஒட்டும் க்ளூ கன் வேண்டும், அது பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில் கொட்டையே வேண்டாம், சரியாகத் தொண்டையில் சிக்குகிற அளவு. இலையும் பெரிய கூம்பும் போதும். பளபளவென்று பார்க்க ஆசையாக இருக்கும் ஹார்ஸ் செஸ்நட் என்ற மரக்கொட்டை தின்றால் நச்சு, வாயில் வைக்க விடாதீர்கள்.

செந்திலை:
தாழ்வாரம், நீங்கள் சொன்னது எல்லாம் பொம்மைக்குச் சரி. மூடியில் காதை வைத்த பையனுக்கு அதில் என்ன இருக்கிறது? அது கூன்வண்டின் புழு. தாய் வண்டு நீண்ட மூக்கால் பச்சைக் காயைத் துளைத்து முட்டை வைக்கும், கொட்டை கீழே விழுந்த பிறகு புழு தானே வழி குடைந்து வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கிவிடும், குளிர்காலம் அங்கேதான். குருவிக்கூடு, அவனிடம் இதைச் சொல்லுங்கள்.

என்னுடையது இலை. மகள் இலைகளால் எங்கள் குடும்பத்தைச் செய்தாள், இருந்ததிலேயே சிவப்பான மேப்பிள் இலை நான். பறித்த கையோடு அட்டையில் ஒட்டிவிட்டோம், அழுத்திக் காயவைக்கவில்லை. நாலே நாளில் ஓரமெல்லாம் சுருண்டு காபிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. அவள் அதை ஒரு விரலால் தடவிக்கொண்டே, “அம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அதன் பிறகு செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் அடுக்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை தாளை மாற்றி, இரண்டு வாரம் கழித்துத்தான் ஒட்டுகிறோம். வெயில் படும் சுவரில் மாட்டுவதும் இல்லை. மஞ்சள் நிறம் முதலிலிருந்தே இலைக்குள் இருப்பது, பச்சை கலைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பை மட்டும் மரம் அந்த நேரத்தில் புதிதாக உண்டாக்குகிறது. இதைச் சொன்னதும், “அப்ப அது புது அம்மா” என்றாள்.

இரட்டையர் அப்பா:
எங்கள் வீட்டில் பைன் கூம்பில் ஆந்தை. இரட்டையரில் ஒருத்திக்கு ஆந்தையைக் குளிப்பாட்டியே ஆகவேண்டும் என்று பிடிவாதம், தண்ணீரில் அமுக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் செதில்கள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்து, இடுக்கில் ஒட்டியிருந்த இரண்டு கண்ணும் உள்ளே போய்விட்டன. “கண்ணை மூடிருச்சு, என்மேல கோபம்” என்று ராத்திரி முழுக்க அழுகை. ஈரத்தில் மூடும், காய்ந்தால் விரியும், விதை காற்றில் பறக்க வறண்ட நாள் பார்த்துத் திறக்கிற ஏற்பாடு அது என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மத்தியானம் ஜன்னலோரத்தில் ஒரு கண் தெரிந்தது. சாயங்காலம் இன்னொன்று. அவள் அதன் காதருகே போய் ஏதோ சொன்னாள், என்னவென்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

ஆற்றங்கரை:
நான் செய்தது இதைவிட மோசம். மகள் ஒட்டிய முள்ளெலியின் இலைகள் கோணல்மாணலாக இருந்தன என்று, அவள் தூங்கியதும் பிரித்து வரிசையாக ஒட்டிவைத்தேன். காலையில் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. யார் செஞ்சது?” என்றாள்.

தாழ்வாரம்:
செந்திலை, புழு எங்கே போகும் என்று நான் யோசித்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குள் வைக்கிற பொம்மைக்கு ஓவன்தான், அதில் மாற்றமில்லை.

குருவிக்கூடு:
நேற்று ராத்திரி அவனிடம் கேட்டேன், கூடைக்குள் என்ன கேட்டது என்று. “ஒண்ணும் கேக்கலப்பா. அது கதவு செஞ்சுச்சு, நீ மூடிட்ட” என்றான். வண்டுக் கதையைச் சொன்னேன். இன்று திரும்பவும் அதே மரத்தடிக்குப் போனோம். துளை விழுந்த கொட்டையை எல்லாம், “இது போயிடுச்சு” என்று சொல்லி அங்கேயே வைத்துவிட்டு, துளை இல்லாததாகப் பதினொன்று பொறுக்கினான். ஆழமான ஒரு தொட்டியில் மண் நிரப்பி மேலே பரப்பி, வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறோம். பேனாவை எடுத்துக் கொடுத்தேன், முகம் வேண்டாம் என்றான். உள்ளே யாராவது இருப்பார்களாம்.