கோத்தகிரி வீட்டு நீச்சல்குளம்: தண்ணீர் இறங்குகிறது, ஓடுகளும் கழல்கின்றன

கேள்வி – கோத்தகிரி மருமகள்
மாமனார் காலத்துக் குளம். தினமும் விரற்கடை அளவு தண்ணீர் இறங்குகிறது. விளிம்போர நீல ஓடுகளைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது. சில கையோடு வந்துவிட்டன. ஐப்பசி மழைக்குள் குளத்தைக் காலி செய்து பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரிதானா?

பதில் – குன்னூர் கொத்தனார்
பொறுங்கள் அம்மா. முதலில் குளத்துப் படியில் ஒரு வாளியை வைத்து, உள்ளும் புறமும் ஒரே மட்டமாக நீர் நிரப்பிக் கோடு போடுங்கள். குளத்து நீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் சமமாக இறங்கினால் காற்றும் வெயிலும் குடித்தது. குளம் கூடுதலாக இறங்கினால்தான் கசிவு. மறுநாள் மோட்டாரை ஓடவிட்டு இதையே செய்யுங்கள். அப்போது மட்டும் வேகமாக இறங்கினால் குழாயைச் சந்தேகியுங்கள். காசு கேட்காத சோதனை. அதனால்தானோ என்னவோ, யாரும் சொல்வதில்லை.

பதில் – தேயிலைச் சரிவு
மழையில் காலி செய்யவே வேண்டாம். ஊறிய சரிவில் மண்ணுக்குள் நிற்கும் நீர் வெறுங்குளத்தை அடியிலிருந்து நெம்பும், தளமே வெடிக்கலாம். ஓட்டு வேலையை மாசி, பங்குனியில் வையுங்கள். மார்கழிக் குளிரில் சிமெண்ட் இறுக நாளாகும். ஓடுகளின் இடுக்குகளுக்கு வெள்ளை சிமெண்ட் போதாது, எப்பாக்சி என்ற பிசின் கலவை கேளுங்கள்.

கோத்தகிரி மருமகள்
வாளி வைத்தாயிற்று. மோட்டார் ஓடும்போதுதான் கூடுதலாக இறங்குகிறது.

குன்னூர் கொத்தனார்
அப்படியானால் பூச்சு வேலை இருக்கட்டும். மோட்டாரிலிருந்து குளத்துக்குத் திரும்பும் குழாயை அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.