சூரியக் காற்றின் வேகம் 650, வானம் இருட்டு. வேகம் 380, வானம் முழுக்கப் பச்சை: ஏன்?

வடமீன் (கேள்வி):

பிப்ரவரியில் மூன்று இரவுகள் நார்வேயின் துரோம்சோவில் இருந்தேன். துருவ ஒளியைப் பார்ப்பதற்காகவே போன பயணம். சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின்) அளவுகளைக் காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்துவந்தேன்.

முதல் இரவு மேகமே இல்லை. வேகம் நொடிக்கு 650 கி.மீ. வழக்கமாக 400ஐ ஒட்டித்தான் இருக்கும் என்று படித்திருந்ததால், இன்று கட்டாயம் உண்டு என நள்ளிரவு தாண்டியும் நின்றேன். வடக்கே அடிவானத்தை ஒட்டி வெளிறிய ஒரு பட்டை தெரிந்தது, அவ்வளவுதான். அது அசையவே இல்லை. இரண்டாம் இரவு பனி கொட்டியது. மூன்றாம் இரவு வேகம் வெறும் 380. நம்பிக்கையில்லாமல்தான் வெளியே வந்தேன். 9:35க்கு அதே மாதிரிப் பட்டையின் கீழ்விளிம்பு பளிச்சென்று எரிந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் தலைக்கு மேல் வரை சுருண்டு சுருண்டு ஆடியது. மேலே சிவப்பு. பச்சை துடித்து ஓடிக்கொண்டே இருக்க, சிவப்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்று மெல்ல மங்கியது. நான் அழுதுவிட்டேன்.

காற்று வேகமாக அடித்தால் ஒளியும் அதிகம் வரவேண்டாமா? இரண்டு நிறங்களுக்கும் ஏன் வெவ்வேறு நடை?

சுற்றுப்பாதை:

செயற்கைக்கோள்களின் பாதையைக் கணிப்பது என் வேலை. சூரியக் காற்றின் எண்களோடுதான் என் நாள் தொடங்கும். வடமீன், அந்தச் செயலியில் வேகம், அடர்த்தி தவிர இன்னொரு எண்ணும் இருந்திருக்கும்: பி-இசட், அதாவது சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குப் பங்கு, நானோடெஸ்லாவில். அதன் முன்னால் கழித்தல் குறி இருந்ததா? நோட்டைப் பாருங்கள். உங்கள் விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

வடமீன்:

இருக்கிறது! புரியாமலேயே குறித்து வைத்திருந்தேன். முதல் இரவு முழுக்கக் கூட்டல் 4, கூட்டல் 5. மூன்றாம் இரவு 7:40 வரை கூட்டல்தான். 7:40க்குச் சட்டென்று கழித்தல் 9 ஆகி, அப்படியே நின்றது.

கரும்பலகை:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். சூரியத் துகள்கள் துருவங்கள் வழியே நேராக இறங்கி நம் காற்றில் மோதி ஒளி தருகின்றன என்றுதான் வருடா வருடம் படம் போட்டுக் காட்டுகிறேன். அது தவறா?

சுற்றுப்பாதை:

கரும்பலகை ஐயா, உங்களுடையதையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டும் ஒரே முடிச்சு.

சூரியக் காற்று பூமிக்கு அருகே வரும்போது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து புரோட்டான் அளவுதான் இருக்கும். அதிலுள்ள எலெக்ட்ரானின் ஆற்றல் சுமார் 10 எலெக்ட்ரான்வோல்ட். துருவ ஒளியை உண்டாக்கும் எலெக்ட்ரான்களோ 1,000 முதல் 10,000 எலெக்ட்ரான்வோல்ட்டோடு வந்து விழுகின்றன. நேராக இறங்கியிருந்தால் இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? நடுவே ஒரு எந்திரம் இருக்கிறது. அது பூமியின் காந்தமண்டலம், நம் காந்தப்புலம் ஆளும் வெளி.

சூரியக் காற்று தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது. சூரியனைப் பார்த்த பக்கத்தில், பூமியிலிருந்து சுமார் 60,000 கி.மீ. தொலைவில், நம் காந்தப்புலம் வடக்கு நோக்கி நிற்கிறது. வருவதும் வடக்கு நோக்கி இருந்தால் (உங்கள் கூட்டல் குறி) காற்று பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும், வேகம் 650 ஆனாலும். தெற்கு நோக்கி வந்தால் (கழித்தல்) இரண்டின் விசைக்கோடுகளும் அறுந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். 1961இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜேம்ஸ் டஞ்சி சொன்ன விளக்கம் இது. பிணைந்த கோடுகளைக் காற்று இரவுப் பக்கத்துக்கு இழுத்துப்போய் நீண்ட வாலாகச் சேர்க்கிறது. வால் இழுபட்டு இழுபட்டு ஒரு கட்டத்தில் நடுவே அறுந்து, பூமிப் பக்கம் உள்ள பகுதி சுண்டிவிட்ட ரப்பர் போல் திரும்பி வருகிறது. எலெக்ட்ரான்களுக்கு வலு ஏறுவது அதற்குப் பிறகுதான். அவை இறங்குவதும் பெரும்பாலும் நடுத்துருவத்தில் இல்லை. அதைச் சுற்றிய ஒரு வளையத்தில். துரோம்சோ அந்த வளையத்துக்கு அடியில் இருக்கிறது.

வடமீன், இப்போது உங்கள் நோட்டையே எடுத்துக்கொள்வோம். காற்றை அளக்கும் கலம் பூமிக்கு முன்னால் 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கிறது. 380 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 66 நிமிடம். 7:40க்கு அங்கே திரும்பிய புலம் இங்கே வந்தது 8:46க்கு. வால் நிறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். உங்கள் பட்டை எரிந்தது 9:35க்கு, அதாவது 49 நிமிடம் கழித்து. இவ்வளவு சுத்தமான பதிவைப் பார்த்து நாளாயிற்று. நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நிறங்கள்: இரண்டுமே ஆக்சிஜன் அணுதான். கிளர்ச்சியடைந்த அணு பச்சையை (557.7 நானோமீட்டர்) முக்கால் நொடியில் உமிழ்ந்துவிடும். சிவப்பை (630) உமிழ ஏறத்தாழ 110 நொடி ஆகும். அதற்குள் வேறொன்று வந்து இடித்தால் ஆற்றல் ஒளியாகாமல் வீணாகும். ஆகவே சிவப்பு, இடிப்பார் அருகிய 200 கி.மீ.க்கு மேல்தான் பிழைக்கிறது. கீழே 100, 150 கி.மீ.யில் பச்சை. எலெக்ட்ரான் மழை நகர்ந்தால் பச்சை உடனே கூடவே ஓடும், சிவப்பால் முடியாது.

கரும்பலகை ஐயா, உங்கள் படத்துக்கும் ஓர் இடம் உண்டு. நண்பகல் பக்கத்தில் விசைக்கோடுகள் புனல் போல் திறந்திருக்கும். அங்கே மட்டும் சூரியக் காற்று ஏறக்குறைய நேராகவே இறங்குகிறது. நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளின் லாங்இயர்பியன் நகரம் 78 டிகிரி வடக்கே இருப்பதால் நடுக்குளிர்காலத்தில் நண்பகலும் இருட்டுதான். அப்போது அந்தப் புனல் தலைக்கு மேல் வர, பகல் துருவ ஒளியைக் காணலாம். துகள்களுக்கு வலு குறைவு என்பதால் ஆழமாக இறங்காமல் உயரத்திலேயே நின்றுவிடும். நிறம் பெரும்பாலும் சிவப்பு. மாணவர்களுக்கு இதையும் காட்டுங்கள்.

ஒளியைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். என்னை வேலையில் தூங்கவிடாதது சூடு. அதே விசைக்கோடுகள் வழியே பல லட்சம் ஆம்பியர் மின்னோட்டம் இறங்கி, துருவப்பகுதியின் மேல் வளிமண்டலத்தில் குறுக்கே ஓடுகிறது. கம்பி சூடாவதுபோல் காற்று சூடாகிறது. பெரிய காந்தப்புயலில் (சூரியக் காற்று நம் காந்தமண்டலத்தைக் கடுமையாகக் குலுக்கும்போது) அந்த வெப்பம் ஆயிரம் கிகாவாட்டைத் தாண்டும். சூடான காற்று மேலே உப்பி, சில மணி நேரத்தில் நிலநடுக்கோடு வரை அலையாகப் பரவுகிறது. செயற்கைக்கோள் திடீரென்று அடர்ந்த காற்றில் ஓடவேண்டி வரும். இழுவை கூடினால் அது தாமதமாக வரும் என்று நினைப்பீர்கள். பாதை இறங்கி வேகம் கூடுவதால், கணித்த நேரத்துக்கு முன்பே வந்து நிற்கும்! 2022 பிப்ரவரி 3 அன்று ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் 38 இப்படித்தான் திரும்ப விழுந்து எரிந்தன. அது சிறிய புயல்தான். ஆனால் கோள்கள் 210 கி.மீ. உயரத்தில் இருந்தன, காற்றின் இழுவை அரை மடங்கு கூடியிருந்தது.

அந்தச் சூட்டை ஆற்றுவதும் புயலே உண்டாக்கும் ஒரு வாயுதான். எலெக்ட்ரான் மழை நைட்ரஜனை உடைத்து நைட்ரிக் ஆக்சைடை உருவாக்குகிறது. அது 5.3 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் வெப்பத்தை விண்வெளிக்கு விடுகிறது. சில பெரிய புயல்கள் ஓய்ந்தபின் காற்றின் அடர்த்தி முன்பிருந்ததைவிடவும் கீழே போயிருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

கரும்பலகை:

படத்தை மாற்றி வரைகிறேன். வாலோடு.

வடமீன்:

நோட்டில் இன்னொன்றும் இருக்கிறது. 10:20க்கு வானமெங்கும் மங்கிய திட்டுகள் சில நொடிக்கு ஒருமுறை அணைந்து எரிந்தன. என் கண்தான் களைத்துவிட்டது என்று எழுதி அடித்திருக்கிறேன். அதுவும் உண்மையா?

சுற்றுப்பாதை:

உண்மை. துடிக்கும் துருவ ஒளி என்றே அதற்குப் பெயர். அடித்ததை அழித்துவிட்டு நேரத்தைத் தெளிவாக எழுதுங்கள்.