பாடக் குறிப்புகளைப் பகிரலாமா?

கேள்வி: கல்லூரியில் சிறுகதைத் தாள் நடத்துகிறேன். 11 வருடமாகச் சேர்த்த வினாத்தாள்கள், ஸ்லைடுகள் எல்லாம் ஒரு பென் டிரைவில் கிடக்கின்றன. போன வருடம் சக ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்தேன்; என் எழுத்துப்பிழைகளோடு சேர்த்து அவர் பெயரில் ஓடியது! கொடுக்கவும் ஆசை, பயமும் இருக்கிறது.

பதில் 1: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போடுங்கள் சார், நம் படைப்பை மற்றவர்கள் எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று சொல்லும் பொது உரிமம் அது. அதில் பிஒய்-எஸ்ஏ (BY-SA) வகை என்றால் உங்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். மாற்றி வெளியிட்டாலும் அதே உரிமம்தான். உரிம வரியை ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் போடுங்கள், முதல் ஸ்லைடில் மட்டும் போட்டால் அதைத் தூக்கிவிடுவார்கள்.

பதில் 2: பிடிஎஃப் வேண்டாம், திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுங்கள். அப்புறம், காப்புரிமை உள்ள கதையை அப்படியே சேர்க்காதீர்கள். அதற்கு உரிமம் தர நீங்கள் யார்?

கேட்டவர்: அட, பாதி ஸ்லைடில் முழுக் கதையே ஒட்டியிருக்கிறேன். சரி, இன்று ராத்திரி வெட்டுகிற வேலைதான்.