கான்டினென்டல் ஜிடி 650-இல் உயரமான ஹேண்டில்பார் பொருத்தலாமா?

தென்பெண்ணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650. விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு அதில்தான் சென்று வருகிறேன். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. செங்கல்பட்டைத் தாண்டி நெரிசலில் ஊர்ந்து செல்லத் தொடங்கியதும் மேலுடம்பின் எடை முழுவதும் உள்ளங்கைகளில் இறங்குகிறது. தாம்பரம் வருவதற்குள் மணிக்கட்டு கடுத்து, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைத் தனித்தனியாகக் கவ்வியிருக்கும் கிளிப்-ஆன் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, அதே நிறுவனத்தின் இன்டர்செப்டர் 650-இல் இருப்பது போன்ற உயரமான, ஒரே குழாயாலான ஹேண்டில்பாரைப் பொருத்த எண்ணியிருக்கிறேன். மாற்றலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் காரணத்தோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

இரட்டைச்சிலிண்டர் எழுதியது:

தயங்காமல் மாற்றுங்கள். உங்கள் வலிக்கான காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வேகமாகப் போகும்போது எதிர்காற்று மார்பைத் தாங்கிப் பிடிக்கிறது, அதனால் கைகளுக்குச் சுமை குறைகிறது. வேகம் குறைந்தவுடன் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. தாழ்ந்த கைப்பிடி பந்தயத் தடத்திற்காக உருவானது. 1960-களில், சாதாரண வண்டியைப் பந்தய வண்டி போல மாற்றி ஓட்டிய இங்கிலாந்தின் கஃபே ரேசர் இளைஞர்கள் அதைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். தாம்பரம் நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மாறி மாறிப் போகும் ஒருவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. சில அங்குலம் உயர்ந்து, ஓட்டுநரை நோக்கிச் சற்றே வளைந்து வரும் ஹேண்டில்பார் முதுகை நிமிர்த்திவிடும். அகலம் கூடுவதால் மெதுவான திருப்பங்களிலும் குறைந்த விசையே போதும்.

ஆலைத்தரம் எழுதியது:

நான் இதை முற்றிலும் மறுக்கிறேன். ஜிடியும் இன்டர்செப்டரும் 2018 நவம்பரில் இந்தியச் சந்தைக்கு ஒன்றாகவே வந்தன. இரண்டுக்கும் 648 சிசி எஞ்சின்தான். வேறுபாடு பெரும்பாலும் டேங்க், இருக்கை, கைப்பிடி, கால்மிதி ஆகியவற்றில்தான், அதாவது உட்காரும் விதத்தில்தான் இருக்கிறது. நிமிர்ந்து ஓட்ட விரும்புபவருக்கு அதே விலை வரிசையில் ஒரு வண்டி அருகிலேயே நின்றிருக்க, குனிந்து ஓட்டும் வண்டியை வாங்கிவிட்டு அதை நிமிர்த்தப் பார்ப்பது சரியான வழியாகாது.

அதைவிட முக்கியமானது கால்மிதி. ஜிடியின் கால்மிதிகள் பின்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டவை. கைப்பிடியை மட்டும் உயர்த்தினால் முதுகு நிமிர்ந்துவிடும், கால்கள் பின்னால் மடங்கியபடியே இருக்கும். முன்பு கைகளும் இருக்கையும் பகிர்ந்துகொண்ட எடை இப்போது வால் எலும்பின் மீது நேராக உட்காரும். மணிக்கட்டு வலியை இடுப்புக்கு மாற்றிக்கொள்வதற்கா இவ்வளவு செலவு?

இரட்டைச்சிலிண்டர் எழுதியது:

வண்டியை மாற்றுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். விற்கும்போது ஏற்படும் இழப்பு, புதிய வண்டிக்கான சாலை வரி, பதிவு, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டினால் அது ஹேண்டில்பார் செலவைப் போல் பல மடங்கு வரும். மேலும், தொழிற்சாலையில் தீர்மானிக்கும் அளவு ஏதோ ஒரு சராசரி உடலுக்கானது. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கும் ஆறடி உயரமுள்ளவருக்கும் கையின் நீளம் ஒன்றல்ல. காரில் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் உரிமையை யாரும் கேள்வி கேட்பதில்லை. மோட்டார் சைக்கிளில் அந்த வசதி இல்லாததால்தான் ஹேண்டில்பாரை மாற்றுகிறோம்.

கால்மிதி குறித்து நீங்கள் சொல்வது ஜிடிக்குப் பொருந்தும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது கைப்பிடியை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கான எல்லையே தவிர, உயர்த்தவே கூடாது என்பதற்கான காரணம் ஆகாது.

ஆலைத்தரம் எழுதியது:

அப்படியானால் சட்டத்தைப் பற்றியும் பேசுவோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், தயாரிப்பாளரின் மூல வரையறைக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்திருக்கிறது. இதைச் சொல்லாமல் ஒருவரைத் தயங்காமல் மாற்றச் சொல்வது நியாயமில்லை.

இரட்டைச்சிலிண்டர் எழுதியது:

அந்த 52-ஆவது பிரிவிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. மாற்றம் என்பது வாகனத்தின் கட்டமைப்பை மாற்றி, அதனால் அதன் அடிப்படைத் தன்மையே மாறிப்போவது என்று அது வரையறுக்கிறது. பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், எரிபொருள், இருக்கைகளின் எண்ணிக்கை போன்றவை இருக்கின்றன. ஹேண்டில்பாரின் உயரம் இல்லை. நான் வழக்கறிஞன் அல்லன். ஆயினும் அந்த விளக்கத்தைப் படித்தவன் என்ற முறையில், கைகளுக்கு எட்டும்படி ஒரு குழாயை மாற்றுவது அடிப்படைத் தன்மையை மாற்றுவதாகாது என்றே கருதுகிறேன்.

ஆலைத்தரம் எழுதியது:

உங்கள் வாசிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் சாலையோரச் சோதனையில் வண்டியை நிறுத்துபவர் அந்த விளக்கத்தை உங்களைப் போலவே வாசிப்பார் என்பதற்கு என்ன உறுதி? பக்கவாட்டில் கண்ணாடிகளைத் தாண்டி நீளும் ஹேண்டில்பாரைப் பார்த்தவுடனேயே கேள்வி எழும்.

பட்டறைச்சாவி எழுதியது:

சட்டத்தை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பட்டறை வைத்திருப்பவன். தென்பெண்ணைத் தம்பிக்கு வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹேண்டில்பாரை உயர்த்துவது குழாயை மட்டும் மாற்றும் வேலை அன்று. ஜிடியின் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல் தகட்டில் ஒரே குழாயாலான ஹேண்டில்பாரைப் பொருத்துவதற்கான கவ்வி கிடையாது. ஆகவே அந்தத் தகட்டையும் மாற்ற வேண்டும். கைப்பிடி உயர்ந்தால் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ், சுவிட்சுகளுக்குச் செல்லும் வயர் எல்லாம் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கும். இவற்றில் பிரேக் ஹோஸ்தான் என்னை அச்சுறுத்துவது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்த ஹோஸ், லிவரின் அழுத்தத்தைப் பிரேக் எண்ணெய்க்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. சேசிஸில் அசையாமல் இருக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குப் போய், அங்கிருந்துதான் சக்கரத்துக்கு இறங்குகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போதெல்லாம் அது இழுபடுகிறது, தளர்கிறது.

வேறோர் இடத்தில் உயரமான ஹேண்டில்பார் போட்டுக்கொண்ட வண்டி ஒன்று என்னிடம் வந்தது. நேராக நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுவதும் திருப்பினேன். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் தானாக உறுமத் தொடங்கியது. நீளம் போதாத கேபிளைக் கைப்பிடியே இழுத்துவிட்டது. அதே திருப்பத்தில் பிரேக் ஹோஸ், மேல்முனையில் வளைவே இல்லாமல் கம்பி போல விறைத்து நின்றது. குறுகிய தெருவில் யூ-டர்ன் எடுக்கும்போது, கிளட்சைப் பாதி பிடித்திருக்கும் அந்த நொடியில், வண்டி தானாக முன்னே பாய்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுவிட்சுக் கூட்டின் உட்புறத்தில் ஒரு சிறிய முளை இருக்கும். ஹேண்டில்பாரில் அதற்குரிய துளையில் அது உட்கார வேண்டும். சந்தையில் வாங்கும் பல ஹேண்டில்பார்களில் அந்தத் துளை இருக்காது. அளந்து துளையிடச் சோம்பல்பட்டு முளையை அரத்தால் தேய்த்துவிடுபவர்கள் உண்டு. பிறகு இண்டிகேட்டரை அழுத்தும்போது சுவிட்சுக் கூடே குழாயைச் சுற்றி நகரும்.

ஆலைத்தரம் எழுதியது:

நான் சொல்ல வந்ததை ஐயா என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு குழாய் என்று தொடங்கி, மேல் தகடு, இரண்டு மூன்று கேபிள், ஒரு பிரேக் ஹோஸ் என்று முடிகிறது. பிரேக் ஹோஸைக் கழற்றினால் எண்ணெயை மாற்றி, காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்; இணைப்பின் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும்; ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்தால் சில வண்டிகளில் கணினிக் கருவி இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது. உயிரைத் தாங்கும் பாகத்தில் இவ்வளவு கைவைத்துப் பெறும் சுகம் தேவையா என்பதே என் கேள்வி.

இரட்டைச்சிலிண்டர் எழுதியது:

பட்டறைச்சாவி அண்ணா சொன்னது மோசமாகச் செய்த வேலையின் விளைவு. இன்டர்செப்டரின் மேல் தகடு, ஹேண்டில்பார், கேபிள்கள், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தயாரிப்பாளரின் உதிரிப் பாகங்களாகவே வாங்கிப் பொருத்தினால் நீளம் போதாது என்ற சிக்கலுக்கே இடமில்லை. கேபிள் செலவு மிச்சம் என்று நினைத்து, பழையதையே வேறு வழியில் சுற்றிக் கொண்டுபோவதுதான் ஆபத்து. ஹேண்டில்பாரை மாற்றுவதால் ஃபோர்க்கின் சாய்வுக்கோணம் மாறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டியின் திசைமாற்ற அமைப்பே கெட்டுவிடும் என்ற பேச்சு தவறு.

ஆலைத்தரம் எழுதியது:

கோணம் மாறுவதில்லை, உண்மைதான். ஆனால் ஓட்டுநரின் எடை பின்னுக்கு நகர்கிறது, முன்சக்கரத்தின் மீதான சுமை சற்றுக் குறைகிறது. நிமிர்ந்த மார்பில் காற்று மோதும்போது கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கும். அகலமான ஹேண்டில்பாரில் அந்த இழுப்பு நேராக முன்சக்கரத்துக்குப் போகும். நெடுஞ்சாலையில் லாரியைக் கடக்கும்போது இதை உணரலாம். தென்பெண்ணை, நெடுஞ்சாலையில் தொல்லையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயணத்தின் பெரும்பகுதி அதுதானே?

பாகம் எதையும் வாங்குவதற்கு முன்பு கிளட்ச், பிரேக் லிவர்களைத் தளர்த்தி, முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே நேர்க்கோடாக வரும்படி கீழ்நோக்கித் திருப்பிப் பாருங்கள். டேங்கைத் தொடைகளால் இறுக்கி, முழங்கைகளை மடக்கி, பிடியைத் தளர்த்துங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, உள்ளங்கையின் வெளிப்புற அடிப்பகுதியில் ஓடும் நரம்பு அழுந்துவதன் அறிகுறி. அழுத்தத்தை நீக்கக் கைப்பிடியை மாற்றுவது ஒரு வழி மட்டுமே.

தென்பெண்ணை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை லிவர்களைத் திருப்பி வைத்தேன். மணிக்கட்டின் மடிப்பு குறைந்திருக்கிறது, மரத்துப்போவது நிற்குமா என்பதை அடுத்த சென்னைப் பயணத்தில்தான் சொல்ல முடியும். அண்ணா, முழு ஹேண்டில்பாருக்குப் போகாமல், கிளிப்-ஆன் வகையிலேயே சற்று உயரமானதைப் போட்டால் பழைய கேபிள்கள் போதுமா?

பட்டறைச்சாவி எழுதியது:

சிறிய உயர்வாக இருந்தால் போதக்கூடும், தம்பி. ஆனால் அளக்காமல் சொல்ல மாட்டேன். பொருத்தியபின் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஐடிலில் ஓட, இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். ஐடில் ஏறக்கூடாது, லிவரின் தளர்வு இரு முனையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஹோஸில் வளைவு மிச்சம் இருக்க வேண்டும், லிவரோ சுவிட்சோ டேங்கைத் தொடக்கூடாது, கைப்பிடிக்கும் டேங்குக்கும் நடுவில் கட்டைவிரல் நசுங்கக் கூடாது. கவ்வியின் போல்ட்டுகளை இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கொண்டு, கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்கச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் சரிபாருங்கள்.

இரட்டைச்சிலிண்டர் எழுதியது:

முதல் படியாக இது எனக்குச் சம்மதம். இடுப்புக்கும் சேர்த்து நிம்மதி வேண்டுமென்றால் முழு ஹேண்டில்பாரோடு கால்மிதியையும் முன்னே கொண்டுவர வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆலைத்தரம் எழுதியது:

கால்மிதியை நகர்த்தினால் கியர் லிவரும் பின் பிரேக் லிவரும் கூடவே மாறும். அந்த நிலைக்குப் போவதானால் இன்டர்செப்டரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றே இப்போதும் சொல்வேன். உயரமான கிளிப்-ஆனையே போட்டாலும், வண்டியோடு வந்தவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். சோதனையில் ஆட்சேபம் எழுந்தால் திரும்பப் பொருத்தவும், பிற்பாடு விற்கும்போது வாங்குபவரிடம் கொடுக்கவும் அவை தேவைப்படும்.